மூணாம் நம்பர் ரூமு பயில்வான்

வா நைனா, குந்து. உன் ஃபைட்டரு மீனு செத்துட்டுதான்னு கேட்டா இல்லேன்ற, நல்லா இருக்குதான்னு கேட்டா அதுக்கும் இல்லேன்ற. அடியில கல்லு மேல சாஞ்சிக்கினு கிடக்குது, கிட்ட போயி விரலை ஆட்டினா முறைக்கக்கூட மாட்டேங்குது, தீனி போட்டா அந்தப் பக்கம் திரும்பிக்குது. அவ்வளவுதானே? நைட் ஷிஃப்ட் முடிஞ்சி வந்து நீ கட்டில்ல கிடக்கற லட்சணமும் அதேதான். உனக்குன்னா அசதி, மீனுக்குன்னா வியாதியா?

சரி சரி, கோவிச்சிக்காதே. கொளத்தூர்ல வாங்கினேன்னு சொன்ன. நல்ல இடந்தான், வண்ண மீனுக்குப் பேர் போன ஊரு. செங்குன்றம் பக்கம், பொன்னேரி பக்கம் பண்ணையில வளர்ற மீனுங்களும் அங்கதான் போய்ச் சேருது. அப்படிப் பார்த்தா உன் ஃபைட்டரு நம்ம ஜில்லாப் புள்ளையாவே கூட இருக்கும். பொன்னேரியில பொறந்து, கொளத்தூர்ல வெலை போயி, ஞாயித்துக்கிழமை கும்மிடிப்பூண்டி வண்டியில உன் மடி மேல குந்திக்கினு பொன்னேரி ஸ்டேஷனைத் தாண்டி இங்க வந்திருக்கும். திண்டுக்கல்லேருந்து நீ வந்திருக்கற, அது பொழைப்புக்குப் பக்கத்து ஊர்லேருந்து வந்திருக்குது.

கடையில பாட்டில் பாட்டிலா அடுக்கி வெச்சிருந்தாங்களா? அதைப் பார்த்துட்டு இந்த ஜாதி மீனுக்கு பாட்டிலே போதும்னு நீயே முடிவு கட்டிக்கின. ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையைப் பார்த்தா செதிலு பறக்க கிழிச்சிக்கும்னுதான் கடைக்காரரு தனித்தனியா வெக்கறாரு. அது விக்கற வரைக்கும். உன் வூட்டுக்கு வந்து குடித்தனம் பண்ண அரை லிட்டரு ஹார்லிக்ஸ் பாட்டில் போதும்னு அவரு சொல்லலியே. பத்துக்குப் பத்து ரூமு குடுத்ததுக்கே மாசாமாசம் என்கிட்ட மூக்கால அழற ஆளு நீ.

அப்பால ஜன்னல்ல இன்னா அது வரிசையா? நீல மருந்து, பச்சை மருந்து, மஞ்சளா ஒண்ணு. மூணும் ஊத்திட்டியா? ஒரே நாள்லயா? பேஷ். மீன் வெலையை மருந்து வெலை தாண்டிடுச்சி. இனிமே செத்தா மருந்துக்காகத்தான் அழணும் நீ.

இதுல என் பேச்சைக் கேளு. மீனுக்கு வைத்தியம் பார்க்கறதை விடு. தண்ணிக்குப் பாரு. இந்த மீனு சும்மா கிடக்குதுன்னா பத்துக்கு எட்டு வாட்டி தண்ணிதான் சீக்கா இருக்கும், மீனு இல்ல. என் பேத்தி பொன்னேரி மீன்வளக் கல்லூரியில படிக்குது, அது சொல்றதைத்தான் நான் சொல்றேன். ஆனா வெளியில யாராச்சும் கேட்டா தாத்தா சொன்னாருன்னே சொல்லு.

தண்ணி சீக்குன்னா இன்னான்னு முழிக்காதே. உன் கம்பெனியில ஈ.டி.பி. இருக்குதா இல்லியா? சிப்காட்டுல கழிவுத்தண்ணி விடற கம்பெனிக்கெல்லாம் இருக்கணுமே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க வர்ற அன்னிக்கு மட்டும் உங்க சூப்பர்வைசரு அந்தப் பக்கம் நடை போடுவாரே, அந்த எடந்தான். பெரிய தொட்டியில காத்து ஊதி நுரை பொங்க விடுவாங்க. அந்தக் கலங்கல் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடிக்கணக்குல இருந்து அழுக்கைத் தின்னும். அந்தப் பூச்சி செத்தா பிளான்ட்டே நாறும். மீன் தொட்டியும் அதேதான். மீனு மூச்சு விடற செவுள் வழியாவே அமோனியா வெளிய வரும். தின்னாத தீனி, கழிவு எல்லாம் அழுகி அதுவும் அமோனியா ஆகும். ஃபில்டரு ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டிக்கினு இருக்கற ஒரு கூட்டம் பாக்டீரியா அதைத் தின்னு நைட்ரைட்டு ஆக்கும். அதுவும் விஷந்தான். இன்னொரு கூட்டம் அதைத் தின்னு நைட்ரேட்டு ஆக்கும். அது கொஞ்சம் சாது, தண்ணி மாத்தினா போயிடும். இந்த ரெண்டு கூட்டமும் புதுத் தொட்டியில குடியேற நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். உன் பாட்டில்ல ஃபில்டரும் இல்ல, கல்லும் நாலே நாலு. அந்த நாலு கல்லையும் வாராவாரம் எடுத்து சோப்புப் போட்டுத் தேய்ச்சி, தண்ணி பூரா கொட்டிட்டுப் புதுசா ரொப்பறியே, அப்போ பிளான்ட்டை வாராவாரம் மூடி மூடித் தொறக்கற. நீல மருந்து வேற ஊத்தின. மெத்திலீன் புளூ பூஞ்சானைக் கொல்லும், கூடவே இந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். உன் தொட்டியில கொல்றதுக்கு ஒண்ணும் இல்லாததால அது வரைக்கும் லாபம்.

அமோனியா ஏறினா மீனு எப்படி இருக்கும்? செவுளு ரத்தச் சிவப்பா இருக்கும், துடுப்பை ஒடுக்கி ஒட்டிக்கும், மேல வந்து வந்து காத்தை முழுங்கும், இல்லேன்னா அடியில கிடக்கும். அது சோம்பேறித்தனம் இல்ல நைனா, செவுளு எரியுது. சூடு ஜாஸ்தியானாலும் தண்ணி காரமானாலும் அதே அமோனியா இன்னும் கொடூரமா வேலை செய்யும். கொளத்தூர் கடையிலயே டெஸ்ட் கிட்டு விக்கறாங்க, அந்த மூணு மருந்து வாங்கின துட்டுல அதை வாங்கியிருக்கலாம். அமோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமா பூஜ்யமா இருக்கணும். லேசா நிறம் மாறினாலே உன் மீனு ஏன் படுத்திருக்குதுன்னு பதில் வந்துடுச்சி.

இப்போ நீ பண்ண வேண்டியது: பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டி. இருபதுன்னா உத்தமம். கண்ணாடித் தொட்டிக்குத் துட்டு இல்லேன்னா வெள்ளை பிளாஸ்டிக் டப்பு போதும், சோப்புத் தூளு வாசனை இல்லாததா பார்த்து எடு. பழைய தண்ணியில மூணுல ஒரு பங்கை எடுத்து, அதே சூட்டுல இருக்கற நல்ல தண்ணியை மெதுவா ஊத்து. நாளைக்கும் ஒரு பங்கு. மறுநாளும். ஒரேடியா பூராத்தையும் மாத்தாதே, நாள்பட்ட அழுக்குல பழகின ஒடம்பு திடீர்னு மாத்தினா அதிர்ச்சியில போயிடும். தேறினப்புறம் வாரத்துக்கு ஒரு தரம் கால் பங்கு போதும். ஸ்பாஞ்சு ஃபில்டரு ஒண்ணு போடு, ஆனா வேகமா தண்ணி அடிக்கற ஃபில்டரு வேணாம். அந்த நீள வால வெச்சிக்கினு எதிர் நீச்சல் போட்டே அது களைச்சிப் போயிடும். ஸ்பாஞ்சு அழுக்கானா தொட்டியிலேருந்து எடுத்த தண்ணியிலயே பிழி. குழாயடியில பிழிஞ்சேன்னா ஈ.டி.பி. திரும்ப க்ளோஸ்.

நல்ல தண்ணின்னா எதுன்னு கேட்பியே. கேன் தண்ணிதான் ஊத்தறேன் தாத்தா, நான் குடிக்கற தண்ணியேன்னு அன்னிக்குப் பெருமையா சொன்ன. அதுல ஒரு தப்பு இருக்குது. ஆர்.ஓ.வுல வடிகட்டினா தண்ணியில இருக்கற உப்பு, சுண்ணாம்பு எல்லாம் கிட்டத்தட்டப் போயிடும். மீனு ஒடம்புல உப்புக் கணக்கு தப்பும், தண்ணியோட புளிப்பும் ஒரு நெலையில நிக்காது, சரிஞ்சிக்கினே போகும். மீஞ்சூர் பக்கம் மாதிரி மோட்டாரு போட்டு உறிஞ்சி உறிஞ்சி கடல்தண்ணி நெலத்துக்குள்ள ஏறின எடத்துல போர் தண்ணியை ஊத்தச் சொல்லமாட்டேன். அங்க 1970-க்கு முன்னாடியே ஆரம்பிச்ச கதை அது, இப்போ காட்டுப்பள்ளியில கடலையே குடிதண்ணி ஆக்கறாங்க. நம்ம தெரு போரு அவ்வளவு மோசம் இல்ல. கொஞ்சம் போர் தண்ணி, கொஞ்சம் கேன் தண்ணி, கலந்து வை. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணின்னா டேங்குல பிளீச்சிங் பவுடரு போட்ட அன்னிக்குப் பிடிக்காதே. பிடிச்சாலும் வாய் அகலமான பக்கெட்டுல ஒரு நாள் தொறந்து வை, குளோரின் பறந்துடும். அவசரம்னா கடையில ஆன்டி குளோரின் சொட்டு மருந்து இருக்குது. மூணு பாட்டில் வாங்கின நீ, உண்மையிலேயே தேவைப்பட்ட நாலாவதை விட்டுட்டு வந்துட்ட.

இங்க இன்னொண்ணு சொல்லணும். போன அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு உன்னை இட்டுக்கினு போனேனே, ஞாபகம் இருக்குதா? வைத்திய வீரராகவருன்னு பேரு அவருக்கு. குளத்துல வெல்லம் கரைச்சா நம்ம நோயும் கரையும்னு ஜனம் கரைக்குது. அதைப் பார்த்துட்டு நீ பாட்டில்ல வெல்லம் போட்டுடாதே. உன் மூளை போற வேகத்துக்கு அதையும் செஞ்சிருப்ப. பாட்டில்ல வெல்லம் போட்டா மீனுதான் கரையும்.

இப்போ ஏசிக்கு வர்றேன். சிரிக்காதே. வாடகையிலயே கரண்டும் சேர்த்திதான், அதனாலதான் கிழவன் ஏசியைக் குறைக்கச் சொல்றான்னு உன் ஃபிரண்டுகிட்ட சொன்னது என் காதுக்கு வந்துச்சி. எனக்கும் இதுல லாபம் இருக்குது. இருந்தா இன்னா? மீனுக்கும் இருக்குதா இல்லியான்னு பாரு.

இந்த மீனு தாய்லாந்து தேசத்து நெல்லு வயல்லயும் வாய்க்கால்லயும் பொறந்த ஜாதி. சாவ் ப்ரயா ஆத்துப் படுகை. ஆழமில்லாத, அசையாத, வெதுவெதுன்னு இருக்கற தண்ணி. 2019-ல அந்த தேசம் இதைத் தன்னோட தேசிய நீர்வாழ் உயிரினம்னு அறிவிச்சுது. அந்த மாதிரி கௌரவமான பயில்வானை இட்டாந்து நீ 18-ல ஏசி வெச்சி, ஏசிக்கு நேரா கீழ ஸ்டூலு போட்டுக் குந்த வெச்சிருக்கற. மீனுக்கு நம்மளாட்டம் ஒடம்புச் சூடு தனியா கிடையாது, தண்ணி எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவுதான். 25-லேருந்து 28 டிகிரி இருந்தா இந்த மீனு துள்ளும். 22-க்குக் கீழ போனா ஒடம்பு ஓட்டமே மந்தமாயிடும். தின்னது செரிக்காது, நோய் எதிர்க்கற சக்தியும் தூங்கும், மீனும் தூங்கும். நீ வேலைக்குக் கெளம்பினா ஏசி ஆஃப். மொட்டை மாடி ரூமு, மதியம் கொதிக்கும். நீ வந்தா மறுபடியும் 18. அரை லிட்டரு தண்ணி ரூமுச் சூட்டோட கூடவே ஏறும், கூடவே இறங்கும். நாளைக்கு ரெண்டு வாட்டி ஊட்டிக்கும் வேலூருக்கும் போய் வந்தா நீயும் கல்லு மேலதான் சாய்வ. இருபது லிட்டருன்னா அவ்வளவு சீக்கிரம் ஏறி இறங்காது. பெரிய தொட்டி வேணும்னு நான் தொண்டை கிழியக் கத்தினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏசியை 26-ல வை. 2020-லேருந்து வர்ற புது ஏசியெல்லாம் போட்ட ஒடனே 24-லதான் ஆரம்பிக்கணும்னு கவர்மென்ட்டே விதி போட்டிருக்குது, உன் ரூமு ஏசியும் அப்படித்தான் ஆரம்பிக்குது, நீதான் ரிமோட்டைத் தேடிப்பிடிச்சி இறக்கற. ஹீட்டரு வாங்கப் போறேன்னு ஆரம்பிக்காதே. ஒரு பக்கம் ஏசி, இன்னொரு பக்கம் தொட்டியில ஹீட்டரு, ரெண்டும் என் மீட்டர்ல மோதிக்கும். ஃபைட்டரு சண்டையைவிட அது பெரிய சண்டை. மார்கழி மாசம் ராத்திரியில வேணும்னா பார்க்கலாம், அப்போ இருபது லிட்டருக்கு இருபத்தஞ்சு வாட்டு போதும், அதுவும் சூடு தானா நிறுத்தற வகைதான். ஒரு தெர்மாமீட்டரு ஒட்டிக்கோ. கையை விட்டுப் பார்க்கற பழக்கம் குழம்புக்குச் சரி.

மேல மூடி போடு, ஏன்னா இது தாவும். ஆனா தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல ரெண்டு மூணு விரக்கடை எடம் விடு. இந்த மீனு செவுளால மட்டும் மூச்சு விடற ஆளு இல்ல. தலைக்குள்ள மடிப்பு மடிப்பா ஒரு உறுப்பு வெச்சிக்கினு, மேல வந்து காத்தை ஒரு வாய் முழுங்கிட்டுப் போகும். பெத்த தாயாட்டம் நீ கழுத்து வரைக்கும் தண்ணி ரொப்பி இறுக்கி மூடினா மீனுக்கே மூச்சு முட்டும். இந்த வித்தை நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. பனையேறிக் கெண்டை கேள்விப்பட்டிருக்கியா? அதுக்கும் அதே உறுப்புதான். தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க இருந்த காலத்துல, டால்டார்ஃப்னு ஒரு தொரை, குளத்தோரப் பனை மரத்துல ஒரு கெண்டை ஏறிக்கினு இருந்ததைத் தன் கையாலயே பிடிச்சேன்னு எழுதினாரு. 1797-ல லண்டன் லின்னேயன் சங்கத்து ஏட்டுல அது அச்சாச்சி. ஜனம் இருநூறு வருஷமா அதை நம்பலாமா வேணாமான்னு பேசிக்கினு இருக்குது. கள்ளு எறக்கற நேரத்துல பார்த்திருப்பாரோ இன்னாவோ. ஈர மண்ணுல அது நடக்கறது மட்டும் நெசம், மழை நாள்ல வரப்பு மேல நானே பார்த்திருக்கேன். உன் ஃபைட்டருக்கு அது பெரியப்பன் மொறை.

தீனிக்கு வருவோம். அது வயிறு அது கண்ணளவுதான் இருக்கும்னு பேத்தி சொல்லும். நீ போடறது உன் கண்ணளவுக்கு. நாளைக்கு ரெண்டு வேளை, வேளைக்கு ரெண்டு மூணு உருண்டை போதும். அதையும் கொஞ்சம் தண்ணியில ஊற வெச்சிப் போடு, இல்லேன்னா உள்ள போயி ஊதும். அது மாமிசம் தின்ற மீனு. கோயில் குளத்துல போடற பொரியை இதுக்கும் போடாதே, பிரியாணி அரிசியும் வேணாம். படுத்துக்கிடக்கற இப்போ ஒரு நாள், ரெண்டு நாள் சுத்தப் பட்டினி போடு. பயப்படாதே, சாகாது. மீனுங்களைப் பட்டினி கொன்ன ஆளைவிட ஊட்டிக் கொன்ன ஆளுதான் ஜாஸ்தி. வயிறு உப்பி, ஒருக்களிச்சி மெதந்தா மலச்சிக்கல், இல்லேன்னா காத்துப் பை கோளாறு. பட்டினிதான் முதல் மருந்து. எறங்கலேன்னா மெடிக்கல்ல எப்சம் உப்பு வாங்கி, பத்து லிட்டருக்கு அரை டீஸ்பூன் கரைச்சி விடு. பட்டாணியை அவிச்சி தோலுரிச்சி ஊட்டச் சொல்லி உனக்கு யாரோ சொன்னாங்களாமே. அது தங்க மீனுக்கு. இதுக்குப் பட்டினி முடிஞ்சி எதைக் குடுத்தா ஆசையா எழுந்திரிக்கும்னா, உசிரோட நெளியற எதாவது. மொய்னா, டாஃப்னியா, கொசுப்புழு. கொசுப்புழுவைச் சாக்கடையில மொண்டுக்கினு வராதே, நோயும் கூட வரும். மொட்டை மாடியில வாளி வெச்சி நீயே வளர்த்தா? கொசு ஒழிப்புக்காரங்க வந்து டெங்கு கேஸுன்னு எனக்குத்தான் நோட்டீஸு குடுப்பாங்க. கடையில உறைய வெச்ச செம்புழு கட்டியா விக்குது, அதுல ஒரு துணுக்கு போதும்.

இதெல்லாம் செஞ்சி மூணு நாலு நாள்ல கண்ணைத் தொறக்கும், துடுப்பை விரிக்கும். விரிக்கலேன்னாத்தான் வியாதியைத் தேடணும். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சிப் பாரு. உப்புக்கல்லு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தா ஒட்டுண்ணி. தங்கத் தூள் பூசின மாதிரி மினுக்கினா அதுவும் ஒட்டுண்ணிதான், இன்னும் மோசமான வகை, அதுக்குத் தொட்டியை இருட்டா மூடி வெக்கணும், அந்த ஜந்துவுக்கு வெளிச்சமும் ஒரு சாப்பாடு. வாய்கிட்ட, முதுகு மேல பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தா பாக்டீரியாவோ பூஞ்சானோ. செதிலெல்லாம் விறைச்சி நிமிர்ந்து நின்னா உள்ளுறுப்பு கெட்டுடுச்சின்னு அர்த்தம், பெரும்பாலும் திரும்பாது, உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அப்போ போட்டோ எடுத்துக்கினு பொன்னேரி காலேஜுக்குப் போ. நாலு ஸ்டேஷன்கூட இல்ல. நீ போறதுக்கு முன்னாடி சொல்லு, பேத்திக்கு முறுக்கு குடுத்து அனுப்பறேன்.

மனுஷங்களுக்குக் குடுக்கற டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரிச்சி தொட்டியில கொட்டற வேலை மட்டும் வெச்சிக்காதே. உன் பக்கத்து ரூமு ஒடிசாப் பையன் அப்படித்தான் சொல்றான், கேட்டேன். எந்தக் கிருமின்னு தெரியாம அடிச்சா, சாகற கிருமி சாகும், சாகாத கிருமி படிச்சிக்கினு எழுந்திரிக்கும். அந்தத் தண்ணியையும் நீ மோரியிலதான் ஊத்துவ.

சும்மா இருக்கத் தெரியாது, எதாச்சும் ஊத்தியே ஆகணும்னு கையி அரிக்குதா? சரி, ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, கல்லு உப்பு. பத்து லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன், தலை தட்டி அளந்தது. வெளிய கரைச்சிட்டு நாலு தவணையா ஊத்து. ஒரு வாரம், மிஞ்சினா பத்து நாள், அப்பால தண்ணி மாத்தி மாத்தி எடுத்துடணும். தண்ணி ஆவியாப் போனா வெறுந்தண்ணிதான் சேர்க்கணும், உப்பு ஆவியாப் போகாது. ரெண்டாவது, பாதாம் எலை. உன் கம்பெனி கேட்டு ஓரமா நிக்குதே, சைக்கிள் ஸ்டாண்டுக்கு நெழல் தர்ற மரம், அதேதான். தானா பழுத்து விழுந்து காஞ்ச எலையா எடு, பச்சையைப் பறிக்காதே. புகைபோக்கிக்குக் கீழ விழுந்தது வேணாம், கரி படிஞ்சிருக்கும். நல்லா கழுவிட்டு பத்து லிட்டருக்கு ஒரு எலை. தண்ணி டீ கலர்ல ஆகும். பயந்து கொட்டிடாதே. அந்தத் துவர்ப்புல லேசா கிருமி அடங்கும், தண்ணி லேசாப் புளிக்கும், வயக்காட்டுத் தண்ணியில வாழ்ந்த ஜாதி அதை வூடுன்னு நெனைச்சிக்கும். கடையில இதே எலையைப் பாக்கெட்டு போட்டு விக்கறாங்க. உன் கம்பெனி வாட்ச்மேனு தெனம் பெருக்கிக் குப்பையில போடறான்.

இன்னொண்ணு, கண்ணாடி. அதுக்கு சுறுசுறுப்பு வரணும்னு முன்னாடி கண்ணாடி வெச்சி நாள் பூரா காட்டறியாம். எதிர்ல ஒரு ஆம்பளை இருபத்தி நாலு மணி நேரமும் முறைச்சிக்கினு நின்னா யாருக்குத்தான் சுறுசுறுப்பு வரும்? தேறினப்புறம் ரெண்டு நிமிஷம் காட்டு, செவுளை விரிச்சி வீரம் காட்டட்டும், எடுத்துடு. இன்னொரு ஃபைட்டரு வாங்கி ஒண்ணா விட்டுப் பார்க்கலாம்னு ரூமுல பந்தயம் பேசிக்கினு இருந்தீங்களாமே. தாய்லாந்து சயாமா இருந்த காலத்துல ராஜாவே மீன் சண்டைக்கு லைசென்ஸு குடுத்து வரி வாங்கினாரு, அங்க செல்லும். இங்க 1960-ஆம் வருஷத்து மிருகவதைச் சட்டத்துல மனுஷனைத் தவிர எல்லா உசிரும் அடக்கம், மீனும் அடக்கம். சண்டை மூட்டி விடறது குத்தம். போலீஸு வந்தா ரூமு நம்பரை நானே சொல்வேன், அட்வான்ஸும் திருப்பித் தர மாட்டேன்.

ஒரு வேளை ஒண்ணும் இல்லாம, வயசும் ஆகியிருக்கலாம். இந்த மீனுக்கு ஆயுசே ரெண்டு மூணு வருஷம், நல்லா வெச்சிக்கினா நாலு. கடையில வால் விரிச்சி அழகா நிக்கற ஆம்பளைக்கு ஏற்கெனவே ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகியிருக்கும். அப்பால ராத்திரியில எலை மேல, கல்லு மேல சாஞ்சிக்கினு தூங்கறதும் அதோட சுபாவந்தான். நீ நைட் ஷிஃப்ட் வாரத்துல ராத்திரி பூரா ரூமு லைட்டை எரிய விட்டுட்டுப் போற, பகல்ல ஜன்னலை அடைச்சிக்கினு தூங்கற. அதுக்கு எப்போ ராத்திரி, எப்போ பகல்னே தெரியல. போகும்போது லைட்டை அணை. இதுலயும் எனக்கு லாபந்தான், எழுதிக்கோ.

தேறி வந்தா ஒரு நாள் மேல நுரை நுரையா கட்டி வெச்சிருக்கும். அழுக்குன்னு வாரிக் கொட்டிடாதே, அது கூடு. ஆம்பளைதான் கட்டும், முட்டையை வாயால கவ்வி அதுல வெச்சி காவல் காக்கறதும் ஆம்பளைதான். பொண்ணே இல்லாட்டியும் கட்டி வெச்சிக்கினு காத்திருக்கும். உன் அம்மா போன வாரம் போன்ல என்கிட்ட அழுதுது, பையனுக்கு முப்பது ஆகப் போகுது, ஒரு மனைகூட பார்க்கலேன்னு. நான் ஒண்ணும் சொல்லல.

ஊருக்குப் போற அன்னிக்கு வளர்க்க முடியலேன்னு பூண்டி ஏரியிலயோ பழவேற்காட்டுப் பக்கமோ கொண்டு போய் விட்டுட்டு வராதே. டேங்க் கிளீனருன்னு ஆசையா வாங்கின சக்கர் மீனை இப்படித்தான் ஆளாளுக்கு ஏரியில விட்டாங்க, இப்போ வலை போட்டா அதுதான் வருது, முள்ளுல வலையே கிழியுது. என்கிட்ட குடு. கீழ திண்ணையில வெச்சிக்கறேன், வாடகை வேணாம்.

எழுந்திரி, டீ ஆறிப்போச்சி. மாத்தற பழைய தண்ணியை மோரியில ஊத்தாதே நைனா, அதுல நைட்ரேட்டு இருக்குது, செடிக்கு அமிர்தம். படிக்கட்டுக்குக் கீழ என் கத்திரிச் செடி நாலு நிக்குது பாரு, வேரோரமா ஊத்து. உப்புப் போட்ட வாரத்துத் தண்ணியும் அந்த மூணு கலர் மருந்துத் தண்ணியும் மட்டும் வேணாம்.